காரமில்லாத சிவப்பு

என் தம்பி பெனிஸ் முப்பத்திரண்டு வருடம் குன்னூரில் ஒரே பங்களாவில் சமையல்காரனாக இருந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்தபோது அது எஸ்டேட் முதலாளியின் குடும்பம் கோடைக்கு வந்து தங்கும் பங்களா. பிறகு அறை அறையாகப் பிரித்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். மேனேஜர்கள் ஐந்து பேர் மாறினார்கள். விறகடுப்பு போய் கேஸ் வந்தது. கரண்டி மட்டும் அவன் கையிலேயே இருந்தது. எல்லோரும் அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவள். பெயர் மெட்டில்டா. எட்டாவது வரை படித்தேன். கீழ் கோத்தகிரியில் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் நாற்பது குழந்தைகளுக்குப் பால் மாவு அளந்து கரைக்கும் வேலை. இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்கூட அளவு தப்பியதில்லை என்று எஸ்டேட் டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் எங்கள் ஊரில் யாரும் என்னைக் காப்பகத்து மெட்டில்டா என்று சொல்ல மாட்டார்கள். மாஸ்டரோட அக்கா என்பார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதத்தில் இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளும் என் வீட்டுக்கு வந்து, என்னை அடுப்படியிலிருந்து வெளியே தள்ளிவிட்டு அவனே சமைப்பான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு லீவில் வந்தபோதுதான் பாப்ரிக்கா என்ற பெயரை முதலில் சொன்னான். பங்களாவில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, தன் ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புத் தகர டப்பாவைக் கொடுத்து, இதைப் போட்டுக் கோழி வை என்றாராம். இவன் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தான். காரமே இல்லை. மிளகாய்ப் பொடி சிவப்பாக இருந்து காரம் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான், செங்கல் தூள் கலந்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி பொடியைப் போட்டு, அடியில் செங்கல் தங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"என்னடா பண்ணுச்சு அந்தம்மா?" என்று கேட்டேன்.

"டம்ளர எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சுக் காட்டிருச்சுக்கா. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல."

அன்றைக்கு அவன் ஒரு பொட்டலத்தில் அந்தப் பொடியைக் கொஞ்சம் கொண்டுவந்திருந்தான். உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்தான். வாணலியில் வெண்ணெயை உருக்கி, வாணலியை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, ஒரு கரண்டி பொடியைத் தூவினான். சிவப்பு வெண்ணெயில் மெல்லப் பரவியது.

"மிளகாயோட காரம் உள்ள இருக்கற வெள்ளை நரம்புலதான். இது சதை தடிச்ச மிளகா. நரம்பையும் வெதையையும் எடுத்துட்டு, சதைய மட்டும் காயவெச்சு அரைக்கறாங்க."

"நரம்பு இல்லாத மிளகாய எதுக்கு மிளகான்னு சொல்றே? கேரட்டுன்னு சொல்லு."

"சாப்ட்டுட்டுப் பேசு."

சாப்பிட்டேன். பழுத்த மிளகாயை வெயிலில் காயப்போட்ட இடத்தில் நிற்பதுபோல மணம். லேசான இனிப்பு. காரம் பின்னால் வரும் என்று காத்திருந்தேன்.

"எப்படா காரம் வரும்?"

"வராதுக்கா. இவ்வளவுதான்."

அதன் பிறகு பங்களாவுக்கு அந்தப் பொடியை ஒழுங்காக வரவழைக்க ஆரம்பித்தார்கள். பெனிஸ் அதற்குச் சில விதிகள் வைத்திருந்தான். புகையும் எண்ணெயில் போடக் கூடாது, அதில் இனிப்பு இருப்பதால் நொடியில் கருகிக் கசந்துவிடும். வெறும் தண்ணீரில் போட்டால் நிறம் சரியாக இறங்காது, மிதமான சூட்டில் எண்ணெயோ வெண்ணெயோ வேண்டும். அடுப்புப் பக்கத்திலும் வெளிச்சத்திலும் வைக்கக் கூடாது, நிறம் போனால் மணமும் போய்விடும். கண்ணாடி பாட்டிலில் வைத்தால் கறுப்புத் துணி சுற்றித்தான் வைப்பான். என் வீட்டிலும் முட்டைக் குழம்பில் கடைசியாக ஒரு கரண்டி, தயிர்ப் பச்சடியின் மேல் ஒரு சிட்டிகை என்று போட்டுக் காட்டுவான். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கற்றுக்கொள்ளவில்லை. அவன்தான் இருக்கிறானே என்று இருந்துவிட்டேன்.

எங்கள் சபையில் வருடா வருடம் நவம்பரில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் சபையார் அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அண்டாவில் வெந்ததைச் சாப்பிடுவோம். அதற்கு அசனம் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை வேலைக்கு ஏறி வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட சிவப்புக் குழம்பு, சோறு, அவ்வளவுதான். எங்கள் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. போதகர் ஜெபம் செய்யும்வரை சமைக்கிறவர்கள் எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். உப்பைக்கூடக் கை அளவில்தான் போட வேண்டும். முந்நூறு இலைக்கு அப்படி உப்புப் போட்டு, பத்தொன்பது வருடம் ஒரு தடவைகூடத் தப்பாதவன் என் தம்பி. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டும் ஹெர்பர்ட்தான் அவனுக்கு அண்டா கிளறுகிற துணை. இரண்டு பேரும் அன்று முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வேலை செய்வார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் பிப்ரவரியில் பெனிஸுக்கு விழுங்குவது சிரமமானது. நாக்கின் அடியில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். கோயம்புத்தூரில் முப்பத்தைந்து தடவை கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். நான் கூடவே இருந்தேன். வாயெல்லாம் வெந்து, எச்சில் ஊறுவது நின்றுபோனது. ஜூனில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கஞ்சி, தயிர்சாதம், மசித்த வாழைப்பழம். காரமும் புளிப்பும் ஆகாது, தக்காளிகூடக் கூடாது. உடம்பு தேறினால் பங்களாவுக்குத் திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் கத்திகளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

செப்டம்பரில் ஒருநாள் ஹெர்பர்ட் பார்க்க வந்தான்.

"மாஸ்டர், இந்த வருஷம் அசனத்துக்கு நீங்க வந்து ஒரு சேரப் போட்டு உக்காந்தாப் போதுமுங்க. அண்டாவ நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்தீன்னா ஊரே தண்ணி குடிக்கோணும். உப்ப அள்ளிக் கொட்டிருவே."

"திட்டறதுக்காவது வாங்க."

ஹெர்பர்ட் போகிறதை பெனிஸ் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "சேர்லயெல்லாம் நான் உக்கார மாட்டேன். பந்திலதான் உக்காருவேன்."

"பந்தில உக்காந்து என்னத்தச் சாப்புடுவே?"

"எல்லாரும் சாப்புடறதுதான்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"எல்லாரும் கறியும் சோறுமா சாப்புடறப்ப என்ற எலைல மட்டும் தயிர்ச்சோறு கெடந்தா, மொத ஆளுல இருந்து கடைசி ஆளு வரைக்கும் அதத்தான் பாப்பாங்க. பாத்துட்டுக் கண்ணத் தொடைப்பாங்க. எனக்கு அது வேண்டாங்க்கா. சிவப்பா ஒரு கொழம்பு வெச்சுக் குடு. காரம் இருக்கக் கூடாது. பாத்தா அசனக் கொழம்பாட்டவே இருக்கோணும்."

அவன் பையிலிருந்து பாதி காலியான பாப்ரிக்கா டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தான். அவனால் அடுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது. நான்தான் வைக்க வேண்டும்.

முதல் தடவை வழக்கம்போலச் செய்தேன். தேங்காயெண்ணெயைக் காயவைத்துக் கடுகு போட்டு, வெங்காயம் வதக்கி, கொதிக்கும் எண்ணெயில் பொடியைக் கொட்டினேன். மிளகாய்த்தூளை அப்படித்தானே போடுகிறோம். அவன் சொன்ன விதி காதில் இருந்தது, கைக்கு வரவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் அது காப்பிப் பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவன் திரும்பாமலே சொன்னான்.

"கொட்டிரு. கசக்கும்."

"வாயில வெக்காமயே சொல்றே?"

"மணமே சொல்லுதே."

அந்தத் தடவையோடு டப்பா தீர்ந்தது. நான் அவனிடம் சொல்லாமல் கோத்தகிரிக்குப் போய் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். "காஷ்மீர் மிளகாத்தூளுங்க. கலருக்குத்தான், காரமே இருக்காது. நீங்க கேக்கறதும் இதுவும் ஒண்ணுதானுங்க." நிறம் அப்படியே இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், எனக்குக் காரமாகத் தெரியவில்லை. அறுபது வருடம் மிளகாய் தின்ற நாக்கு.

குழைத்த சோற்றில் அதை ஊற்றி பெனிஸுக்கு இரண்டு கரண்டி கொடுத்தேன். இரண்டாவது கரண்டியில் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். துண்டை எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. அதன் பிறகு நாலு நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கடைக்காரன் மேல தப்பில்ல. உன்ற மேலயும் தப்பில்ல. அந்த மிளகாய முழுசா அரைக்கறாங்க, நரம்போட. நல்லாருக்கறவங்களுக்கு அது காரமே இல்ல. எனக்குத்தான்."

"அசனமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் சாமி. நீ கஞ்சி குடிச்சாப் போதும்."

"தேவிக்குப் போன் போடு."

தேவி, பங்களாவில் அவன் திரும்பும்வரை அவன் இடத்துக்கு வந்த சமையல்காரப் பெண். மறுநாள் மத்தியான பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினாள். கறுப்புத் துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பெனிஸ் அந்தத் துணியைப் பார்த்துச் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

மூன்றாவது தடவை எல்லாவற்றையும் அளந்து வைத்துக்கொண்டேன். வெங்காயத்தை நிறம் மாறாமல் மெத்தென்று வதக்கினேன். சட்டியை இறக்கி, நூறு எண்ணினேன். பிறகு இரண்டு கரண்டி பொடி. எண்ணெய் சிவந்ததும் எலும்பு வேகவைத்த தண்ணீர். தக்காளிக்குப் பதில் வேகவைத்து மசித்த கேரட், கடைசியில் தேங்காய்ப்பால். உருளைக்கிழங்கைக் கறித்துண்டு மாதிரி வெட்டி, தொட்டால் உடைகிற பதத்தில் வேகவைத்துப் போட்டேன். உப்புப் பார்த்தேன், சரியாக இருந்தது. கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். அவன் கிண்ணத்தைச் சாய்த்து, ஓரத்தில் ஒதுங்கிய சிவப்பு எண்ணெயை வெளிச்சத்தில் பார்த்தான். முகர்ந்தான். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக விழுங்கினான்.

"இதுதான்," என்றான்.

அசனத்தன்று விடியற்காலையிலிருந்தே மழை. கோயில் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஹெர்பர்ட் அண்டாவோடு போராடிக்கொண்டிருந்தான். பெனிஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்று அவனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு ஆராதனைக்குப் போனான். நான் போதகரிடம் மட்டும் சொல்லிவிட்டு, மூலையில் ஒரு சின்ன அடுப்பில் என் சட்டியை வைத்தேன். எல்லாம் நினைத்தபடி வந்தது. நான் உப்பு டப்பாவைத் திறந்தபோது பெண்கள் கூப்பிட்டார்கள், இலை பற்றாதுபோல இருக்கிறது, வந்து எண்ணுங்கள் என்று. போய் எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு இலை. திரும்பி வந்து டப்பாவை மூடிவைத்தேன். ஜெபத்துக்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாது என்பதால் நிறத்தை மட்டும் பார்த்தேன். அண்டாவில் இருந்ததற்கும் சட்டியில் இருந்ததற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

பெனிஸ் முதல் பந்தியில் நடுவில் உட்கார்ந்தான். சம்மணம் போட அவனுக்கு வலித்திருக்கும். வேட்டி வெளுத்திருந்தது, தலை படிய வாரியிருந்தான். ஜெபம் முடிந்த உடனே நான் முந்திப் போய் அவன் இலையில் குழைந்த சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினேன். பின்னால் குழம்பு வாளியோடு வந்தவர், ஏற்கனவே ஊற்றியிருப்பதைப் பார்த்து அடுத்த இலைக்குப் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பிசைந்து ஒரு வாய் எடுத்தான். பிறகு இன்னொரு வாய். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசிக்கொண்டே சாப்பிட்டான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஹெர்பர்ட் வேர்வையைத் துடைத்தபடி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பெனிஸின் இலையைக் குனிந்து பார்த்தான்.

"மாஸ்டர், இது நான் வெச்ச கொழம்பாட்டத் தெரியலயே. எண்ணெய் இத்தன அழகா மெதக்குது?"

சொல்லிக்கொண்டே ஓர் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். என்னால் தடுக்க முடியவில்லை. அவன் மென்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

"என்னங்க மாஸ்டர், இதுல..."

"என்னடா இதுல?" என்றான் பெனிஸ். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவன் கை மட்டும் இலையின் மேல் அப்படியே நின்றது. எதிர்வரிசையில் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். "காலைல இருந்து புகைய முழுங்கி உன்ற நாக்கு செத்துப்போச்சு. அதான் உனக்கு ஒண்ணும் தெரியல."

எதிர்வரிசையில் சிரித்தார்கள். ஹெர்பர்ட் ஒருமுறை என்னைப் பார்த்தான், ஒருமுறை இலையைப் பார்த்தான்.

"ஆமாங்க மாஸ்டர். நாக்குத்தான் செத்துப்போச்சு," என்றான். இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டு, முழுசாக மென்று விழுங்கினான். பெனிஸின் கை மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அவன் என்னைப் பார்த்து இலை ஓரத்தை விரலால் தட்டினான். இன்னும் வேண்டும் என்று அர்த்தம். இரண்டாவது தடவை ஊற்றினேன்.

நான் சாப்பிட உட்காரும்போது சட்டியைத் தேடினேன். பாத்திரம் கழுவுகிற பெண்கள் மிச்சத்தை அண்டாவில் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மழை விட்டிருந்தது. தேயிலைக்கு நடுவே மெதுவாகத்தான் ஏறினோம்.

"எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நெறம் நல்லா இருந்துச்சு."

"நெறத்தக் கேக்கல. ருசி."

அவன் நின்றான். மூச்சு வாங்கினான்.

"அது தெரியாதுக்கா. கரண்ட் வெக்க ஆரம்பிச்ச ஒரு மாசத்துல போயிருச்சு. வலி தெரியும், சூடு தெரியும். உப்பு, இனிப்பு ஒண்ணும் தெரியாது. திரும்பி வந்துரும்னாங்க. வரல."

அவன் ஒரு தடவைகூட ருசி என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணம் சொன்னான், நிறம் சொன்னான். அவன் விழுங்கியதெல்லாம் நான் நினைத்தது மாதிரி ரசித்து விழுங்கியது இல்லை.

"என்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"நாக்கு இல்லாத சமையல்காரன வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? பங்களாவுல தெரிஞ்சா கத்திய வீட்டுக்கே அனுப்பி வெச்சுருவாங்க." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னான்: "கொழம்பு எப்படி இருந்துச்சுன்னு ஹெர்பர்ட்டக் கேளு. அவந்தான் சாப்ட்டான்."

நான் கேட்கவில்லை. டிசம்பரில் கட்டி மறுபடியும் வந்தது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை ஏழே காலுக்கு என் தம்பி பெனிஸ் காலமானான். வயது ஐம்பத்து நாலு. அடக்கத்துக்குத் தேவி வந்தாள். அவன் கத்திகளைத் துணியில் சுற்றி, நூல் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

போன நவம்பரில் அசனத்துக்கு முந்தின நாள் வெங்காயம் உரிக்கப் போயிருந்தேன். அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த ஹெர்பர்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏன் ஹெர்பர்ட், அன்னிக்கு மாஸ்டர் எலைல இருந்து எடுத்துச் சாப்ட்டியே. அது எப்படி இருந்துச்சு?"

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நல்லா இருந்துச்சுங்க்கா."

"என்ன பாத்துச் சொல்லு. காரம் இல்லாததுதான் எனக்குத் தெரியுமே. மத்தபடி?"

அவன் தேங்காய் நாரைக் கீழே வைத்தான்.

"உப்பு இல்லீங்க்கா."

"கொஞ்சம் கம்மியா?"

"துளிகூட இல்லீங்க."

முந்நூற்றுப் பன்னிரண்டு இலை எண்ணியதும், திரும்பி வந்து டப்பாவை மூடியதும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நடுவில் கை டப்பாவுக்குள் போனதை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. இரண்டு தடவை ஊற்றினேன். இரண்டு தடவையும் சாப்பிட்டான். கடைசியாக அவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான்.

ஹெர்பர்ட் என் முகத்தைப் பார்க்காமல் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெறும் சப்புன்னு இருந்தத எதுக்குடா ரெண்டாவது தடவையும் எடுத்துத் தின்னே?" என்று கேட்டேன்.

"மொதத் துண்டோட நிறுத்தியிருந்தா கொழம்புல உப்பில்லன்னு மாஸ்டருக்குத் தெரிஞ்சுபோயிருக்குமேங்க்கா," என்றான்.